தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆசிரியை, செங்கம் பகுதி

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்துக்கு அருகில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஈராசிரியர் பள்ளி என்பதால் 3, 4, 5 ஆகிய மூன்று வகுப்புகளும் என் அறையிலேயே அமர்கின்றன. மொத்தம் 27 குழந்தைகள். வரும் ஜூன் மாதம் முதல், வாரத்துக்கு ஒரு பாடவேளையை வரலாற்றுக்கென்று தனியாக ஒதுக்கிக்கொள்ளத் தலைமை ஆசிரியர் இசைந்திருக்கிறார். சமூக அறிவியல் பாடநூலை விட்டுவிடப் போவதில்லை. அதனோடு சேர்ந்து நடக்கும்படி, மூன்றாண்டுகளுக்கு ஒரு திட்டம் வகுக்க விரும்புகிறேன்.

இந்த எண்ணம் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற பருவத்தில் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், கோயில் கட்டுனப்போ உங்க ஆயா பார்த்தாங்களா?" என்று கேட்டாள். மற்ற குழந்தைகள் சிரிக்கவில்லை. என் பதிலுக்காக எல்லோருமே காத்திருந்தார்கள். அவர்களுக்கு ராஜராஜனும் காந்தியும் என் பாட்டியும் "அந்தக் காலம்" என்ற ஒரே அறைக்குள் இருப்பவர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆயிரம் ஆண்டு என்று கரும்பலகையில் எழுதினால், அதை ஓர் எண்ணாகப் படிக்கிறார்களே தவிர, அது எவ்வளவு நீளமான காலம் என்பது அவர்களுக்குத் தட்டுப்படவில்லை.

என் ஐயங்கள் இவை. பழங்காலத்தில் தொடங்கி இன்றைக்கு வருவதா, இன்றிலிருந்து பின்னோக்கிப் போவதா? மூன்று வகுப்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வகுப்பு வாரியாக எப்படிப் பிரிப்பது? எங்கள் பகுதியில் நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள், நிறைய உண்டு. அவற்றை இந்த வயதுக் குழந்தைகளிடம் கொண்டுசெல்லலாமா, அல்லது அது ஆறாம் வகுப்புக்கு மேல் செய்ய வேண்டியதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

அம்மா, வணக்கம். அந்தச் சிறுமியின் கேள்வியிலிருந்தே உங்கள் திட்டத்தைத் தொடங்கலாம். காலத்தின் நீளம் பிடிபடாத குழந்தைக்கு எந்த மன்னரின் பெயரும் பயன்படாது. எனவே, எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு கயிறு வாங்குங்கள்.

சணல் கயிறு 30 மீட்டர் போதும். ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. ஒரு முனையை இன்றைய நாள் என்று கரும்பலகையின் ஓரத்தில் கட்டிவிட்டு, முதலில் ஒவ்வொரு குழந்தையையும் தன் பிறந்த ஆண்டில் ஒரு நூல் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். எட்டு, ஒன்பது, பத்து சென்டிமீட்டரில் எல்லா முடிச்சும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 65 வயது ஆயா ஒரு முழத்தைத் தாண்டி நிற்பார். நாடு விடுதலை அடைந்த 1947, ஒரு மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். அங்கே குழந்தைகள் முதல்முறையாக வியப்படைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், ஏனென்றால் அது ஆயாவுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பிறகு பெரிய கோயில். 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது, ஆகவே பத்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். நம் வகுப்பறைகள் பெரும்பாலும் இருபதடி நீளம்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் வாசலைத் தாண்டி வெளியே நடக்க வேண்டியிருக்கும். கீழடி அகழாய்வில் கிடைத்த ஒரு பொருளுக்குக் கணிக்கப்பட்ட கி.மு. 580 என்ற காலத்தைக் காட்ட வேண்டுமானால் 26 மீட்டர். எங்கள் பள்ளியில் அது கொடிக்கம்பத்தைக் கடந்து வாயிற்கதவு வரை போயிற்று. அந்த நடையைக் கால் மறப்பதில்லை.

முன்னோக்கியா, பின்னோக்கியா என்ற கேள்விக்கு என் பதில்: தேடும்போது பின்னோக்கிப் போங்கள், சொல்லும்போது முன்னோக்கி வாருங்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் குழந்தைக்கு இயல்பு. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைப் பின்னாலிருந்து சொன்னால் காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும். இதற்கு எடுத்துக்காட்டாக நான் பள்ளி உணவைப் பாடப்பொருளாக எடுத்துக்கொண்டேன். இன்று குழந்தை காலை உணவும் பள்ளியில் சாப்பிடுகிறது. அது 2022-இல் தொடங்கி 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அப்பா அம்மா சாப்பிட்டது 1982-இல் தொடங்கிய சத்துணவு. தாத்தா சாப்பிட்டிருந்தால் அது 1956-இல் காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவு. தாத்தாவின் தாத்தா? அங்கேதான் குழந்தை நின்று, பள்ளிக்கூடமே இல்லையோ என்று கேட்கும். இப்படிப் பின்னோக்கிப் போய்ச் சேர்ந்தபிறகு, அங்கிருந்து புறப்பட்டு ஒரே கதையாக இன்றுவரை சொல்லிக்கொண்டு வந்தேன்.

காசும் நல்ல பொருள். 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா என்பதையும், அதன்பிறகு 100 புதிய காசு வந்ததையும் சொன்னால், "நாலணா", "எட்டணா" என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் ஏன் சொல்கிறார்கள் என்பது கணக்குப் பாடத்தோடும் சேர்ந்துவிடும்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை மறந்துவிடாதீர்கள். முதல் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் முன்கூட்டியே ஒரு தாளில் எண்ணிக்கையை மட்டும் எடுத்து எழுதி, அதைக் குழந்தைகளிடம் கொடுங்கள். பதிவேட்டை அப்படியே விரித்து வைக்க வேண்டாம். அதில் சாதிக்கான கட்டம் இருக்கிறது.

மறுமொழி 2: பட்டதாரி ஆசிரியர், சமூக அறிவியல்

வணக்கம். மேலே ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானதை ஏற்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். ஆறாம் வகுப்புக்கு வரும் குழந்தைகளை ஒவ்வோர் ஆண்டும் நான் பார்க்கிறேன். உள்ளூர், வீடு, பாட்டி, பழைய காசு என்று மட்டுமே மூன்றாண்டுகள் போய்விட்டால், தன் ஊருக்கு அப்பால் ஓர் உலகம் இருந்தது என்ற எண்ணமே குழந்தைக்கு வராது. மேலும், குழந்தைகளுக்கு மன்னர்களைப் பிடிக்கும். கோட்டை, யானை, கடல் கடந்து போன கப்பல் ஆகியவற்றைக் கேட்டால் அவர்கள் கண் விரியும். ஆதாரம், சான்று என்ற பெயரில் அந்தக் கதைகளை நாம் பிடுங்கிவிடக் கூடாது.

அதேநேரம், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற பதற்றமும் உங்களுக்கு வேண்டியதில்லை. நம் ஆறாம் வகுப்புப் பாடநூல் "வரலாறு என்றால் என்ன?" என்ற பாடத்தில்தான் தொடங்குகிறது, அதன்பிறகு மனிதரின் பரிணாமம், சிந்துவெளி, தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் என்று அடியிலிருந்தே எடுத்துச் செல்கிறது. ஆகவே, தொடக்கப் பள்ளியில் ஏதோ ஓர் அரச மரபு விடுபட்டுவிட்டால் எனக்கு நட்டமில்லை. "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தெரியாமல் வந்தால்தான் நட்டம்.

தொலைவில் உள்ள ஒன்றை எப்படி எடுப்பது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் உள்ள குடவோலை முறையை ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளோடு நடத்திப் பார்த்தேன். காலம் கி.பி. 919, 921. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டுகளைப் போன்ற பகுதிகளாகப் பிரித்து, போட்டியிடத் தகுதி பெற்றவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்க நாங்களும் பனையோலை நறுக்கும் மண்குடமும் வைத்தோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பையனை அழைத்துவந்து எடுக்கச் சொன்னோம். அறை முழுவதும் மூச்சு விடாமல் பார்த்தது.

ஆனால் பாடம் அதோடு முடிந்துவிடக் கூடாது. இதை உலகின் முதல் மக்களாட்சி என்று முழங்கிவிட்டுப் போவது வழக்கமாக இருக்கிறது. நான் தகுதிப் பட்டியலையும் படித்துக் காட்டினேன்: வரி செலுத்தும் கால் வேலி (வேலி பழைய நில அளவு) நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேலும் 70-க்குக் கீழும் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். "அப்படியானால் இந்த வகுப்பில் யாருடைய வீட்டிலிருந்து நிற்க முடியும்?" என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து ஒரு சிறுமி, "எங்க யாரு வீட்டுல இருந்தும் முடியாது சார்" என்றாள். அந்தக் கல்வெட்டின் பெருமையும் எல்லையும் ஒரே பாடவேளையில் அவர்களுக்கு விளங்கிவிட்டன. பத்து வயதுக்கு இது கடினம் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

மறுமொழி 3: கல்வெட்டு ஆர்வலர், தருமபுரி

நடுகற்களைக் கொண்டுசெல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செங்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா, அம்மா! தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிகச் செறிந்து கிடைத்த பகுதிகளுள் உங்களுடையதும் ஒன்று. தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் அவற்றைத் தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டது.

உங்களுக்கு வேண்டிய கல் எடுத்தனூரில் கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. ஐயா சொன்ன கயிற்றில் ஏறத்தாழ 14 மீட்டர். கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான் என்று வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்த நாய்க்கும் தனியாக ஒரு வரி உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், அதைவிட எட்டு வயதுக் குழந்தைக்கு ஏற்ற வரலாறு வேறென்ன இருக்க முடியும்?

அதை வெறும் கதையாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, கல் சொல்வதை ஒரு பக்கமும் கல் சொல்லாததை மறுபக்கமும் குழந்தைகளையே எழுதச் சொல்லுங்கள். வீரனின் பெயர், மன்னனின் பெயர், ஆட்சியாண்டு, எருமை, நாய் என்பவை முதல் பக்கத்தில் வரும். எருமைகள் மீண்டும் கிடைத்தனவா, நாயும் இறந்துவிட்டதா, வீரனின் மனைவி மக்கள் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்பவை மறுபக்கத்தில் வரும். நான் இரண்டு பள்ளிகளில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் மறுபக்கம்தான் நீண்டது. கற்பனையாக ஒன்றைச் சொல்ல ஆசைப்படும் குழந்தையைத் தடுக்க வேண்டாம்; "நான் நினைக்கிறேன்" என்ற சொல்லோடு அதைத் தொடங்கச் சொன்னால் போதும்.

கீழடியைத் தொடும்போதும் காலக் கணிப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், பானை ஓடுகளில் கீறப்பட்ட ஆதன், குவிரன் போன்ற பெயர்களைக் காட்டுங்கள். தன் தண்ணீர்ப் போத்தலில் பெயர் எழுதி வைத்திருக்கும் குழந்தைக்கு அது உடனே புரியும்.

மறுமொழி 4: இடைநிலை ஆசிரியை, டெல்டா மாவட்டம்

தோழர்கள் சொன்ன எல்லாம் அருமை. ஆனால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லும் பகுதியைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நான் தவறு செய்திருக்கிறேன்.

நான்காண்டுகளுக்கு முன், "உங்கள் பாட்டி படித்த பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?" என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். மறுநாள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து படித்தார்கள். ஒரு சிறுமியின் முறை வந்தபோது அவள் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். இரண்டே வரி. தன் பாட்டியைத் திண்ணைக்கு வெளியே உட்காரவைத்தார்கள் என்றும், மூன்றாம் நாளே பாட்டி நின்றுவிட்டார் என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்துக் காட்டுவதா, மறைப்பதா என்று தெரியாமல் நோட்டை மூடி அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் எழுதியது அன்றைக்கு அந்த வகுப்பில் வந்தவற்றிலேயே உண்மையான வரலாறு. அதற்கு நான் இடம் வைத்திருக்கவில்லை.

அதன்பிறகு மூன்று விதிகளை எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். முதல் கேள்விகள் எல்லா வீட்டாரும் பதில் சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும்: தண்ணீர் எங்கிருந்து வந்தது, விளக்கு எது, பேருந்து எப்போது வந்தது, மழை பொய்த்தால் என்ன சாப்பிட்டீர்கள். முன்னோர், குலம், ஊர்ப் பெருமை என்ற சொற்கள் கேள்வியில் வரவே கூடாது. குழந்தை கொண்டுவந்ததை நான் தனியாகப் படித்த பிறகே வகுப்பில் பேச்சுக்கு எடுப்பேன். சொல்ல விரும்பாத குழந்தையை எழுப்ப மாட்டேன். கடைசியாக, இத்தகைய செய்தி வந்தால் அதைப் பூசி மெழுகாமல், "இது நடந்தது, இது தவறு, 1950 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது" என்று நேராகச் சொல்வேன். ஒழித்தது என்று எழுதிய பிறகும் பல இடங்களில் தொடர்கிறது என்பது ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். நாம் மறைத்தால், நாம் சொல்லும் மற்றவற்றையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

மீண்டும்: ஆசிரியை, செங்கம் பகுதி

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு நாட்களாக இவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன்.

எனக்கு இருந்த பெரிய சிக்கல் மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பதுதான். மூன்றாம் வகுப்புக்கு வீடு, நான்காம் வகுப்புக்கு ஊர், ஐந்தாம் வகுப்புக்கு நாடு என்று வைத்தால் ஒரே நேரத்தில் மூன்று பாடம் நடத்த வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒன்றாகச் சுழற்றினாலோ, ஏதோ ஓராண்டில் மூன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தை நேராகக் கயிற்றின் கடைசி முனையில் போய் நிற்கும். ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் கயிறு முழுவதும் நடப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். முதல் பருவத்தில் கைக்கெட்டும் காலம், இரண்டாம் பருவத்தில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ளது, மூன்றாம் பருவத்தில் தொலைவிலுள்ள ஒன்றே ஒன்று. ஆண்டுதோறும் பொருள் மட்டும் மாறும். முதலாண்டில் பள்ளி உணவு, நடுகல், உத்திரமேரூர். இரண்டாமாண்டில் காசும் சந்தையும், ஏரியும் மதகும், கீழடி. சாத்தனூர் அணை 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதால், அதற்கு முன் தண்ணீர் எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஏரிப் பாடத்தை முன்னுக்குக் கொண்டுவரலாமா என்றும் யோசிக்கிறேன். மூன்றாமாண்டில் மன்னர்களை விரும்பும் குழந்தைகளுக்காகச் செஞ்சிக்கோட்டை கட்டாயம் உண்டு. ஒரே பாடத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தை படம் வரைந்து பெயர் எழுதும், நான்காம் வகுப்பு கயிற்றில் இடம் கண்டுபிடித்து முடிச்சுப் போடும், ஐந்தாம் வகுப்பு "கல் சொல்வது, கல் சொல்லாதது" எழுதும்.

நேற்று மாலை கயிற்றை மட்டும் கட்டிப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் 14 மீட்டர், வேப்பமரத்தடியில் முடிகிறது. கோவிவனின் முடிச்சு அங்கேதான்.

ஒரே ஓர் ஐயம் மீதமுள்ளது. எங்கள் ஊர் எல்லையில் உள்ள நடுகல்லை வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசி எழுத்தே தெரியாதபடி இருக்கிறது. குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்வதில் என்ன கவனம் தேவை?

மறுமொழி 5: கல்வெட்டு ஆர்வலர், தருமபுரி

முதலில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நீங்களே போய்ப் பேசுங்கள். முடிந்தால் அந்தப் பூசாரியையே அன்றைக்குக் குழந்தைகளிடம் பேச அழையுங்கள். வேடியப்பன் யார் என்று அவர் சொல்வதும் ஒரு சான்றுதான். அதையும் கரும்பலகையில் எழுதுங்கள், ஆனால் "பூசாரி சொன்னது" என்ற தனித் தலைப்பில்.

கல்லைத் தேய்க்கவோ எண்ணெயைச் சுரண்டவோ வேண்டாம். எழுத்தைத் துலக்கிக் காட்ட மாவு, சுண்ணக்கட்டி எதையும் பூசவிடாதீர்கள். மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் படியெடுப்பது, பயிற்சி பெற்றவர்களின் வேலை. காலை எட்டு மணிக்குள் போனால் சாய்ந்த வெயிலில் புடைப்பு நன்றாகத் தெரியும். கல் நிழலில் இருந்தால், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துச் சென்று பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பிப் பாருங்கள். உயரத்தையும் அகலத்தையும் முழம் போட்டு அளக்காமல், அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள். அந்தக் கல் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அதன் வாசகத்தை அவர்களிடமிருந்தே கேட்டுப் பெறலாம்.

வீரனின் காலடியில் ஏதேனும் விலங்கு செதுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், அம்மா. காத்திருக்கிறேன்.